பேஸ்டல் ஓவியத்தில் அடிவண்ணம்: தாள் தேர்விலிருந்து மென்குச்சி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அண்டர்பெயின்டிங் என்று ஓவியர்கள் சொல்லும் அடிவண்ணம், பேஸ்டல் குச்சியால் ஓவியத்தைக் கட்டத் தொடங்கும் முன் தாளின் மேல் மெல்லியதாக இடப்படும் முதல் நிறப்படலமாகும். அதைப் புதிதாக முயல்பவர்களின் அருகில் இருந்து கவனித்ததில், பெரும்பாலான தாள்கள் நிறத் தேர்வால் கெடவில்லை, வேலையின் வரிசை மாறியதால்தான் கெட்டன என்று கண்டேன். ஆகவே இவ்வழிகாட்டி எந்தச் செயலுக்குப் பின் எந்தச் செயல், ஏன் அப்படி என்பதிலேயே அதிகம் நிற்கிறது.

எல்லாப் படிகளுக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று உண்டு. பேஸ்டல் தூளுக்குத் தன்னைத் தாளோடு ஒட்டிக்கொள்ளும் ஆற்றல் மிகக் குறைவு. குச்சியில் உள்ள பசை, தூள் உதிராமல் குச்சியாக நிற்கும் அளவுக்கு மட்டுமே சேர்க்கப்படுகிறது. தாளின் சொரசொரப்புதான் தூளைப் பிடித்து வைக்கிறது. அச்சொரசொரப்பு ஓர் அளவோடு கூடிய சேமிப்பு. அடிவண்ணம் அதிலிருந்து எவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்கிறதோ, அவ்வளவுக்கு மேல்வேலை சுதந்திரமாக நடக்கும். புதிய பொருள் எதுவானாலும் இந்த ஒரு கேள்வியை வைத்தே அதைச் சோதித்துப் பாருங்கள்.

1. தொடங்கும் முன் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்தல்

அடிவண்ணம் மூன்று வேலைகளைச் செய்யக்கூடியது. தாளின் வெண்மையை மறைத்து, இடைவெளிகளில் வெள்ளைப் புள்ளிகள் பளிச்சிடாமல் தடுக்கலாம். ஓவியத்தின் வெளிர், இடைநிலை, அடர் பகுதிகளை முன்கூட்டியே நிலைநிறுத்தலாம். மேல்நிறத்தின் ஊடே ஆங்காங்கே தெரியப்போகும் மாற்று நிறத்தை விதைத்து வைக்கலாம்.

முதல் சில முயற்சிகளில் இவற்றுள் ஒன்றை மட்டும் அடிவண்ணத்திடம் கேளுங்கள். மூன்றையும் ஒரே தாளில் கேட்பவர், முடிவு சரியில்லாதபோது எதில் பிழை நேர்ந்தது என்று அறிய முடியாமல் திகைப்பார். பொருளுக்கும் இதே விதிதான்: தாள் புதிதென்றால் திரவம் பழகியதாக இருக்கட்டும், திரவம் புதிதென்றால் தாள் பழகியதாக இருக்கட்டும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

இங்கே பேஸ்டல் என்பது, நிறமித் தூளைச் சிறிது பசையால் இறுக்கிய உலர் குச்சியான மென்பேஸ்டலை மட்டுமே குறிக்கிறது. ஆயில் பேஸ்டலில் மெழுகும் உலராத எண்ணெயும் இருப்பதால், அது நீரிலோ ஆல்கஹாலிலோ கீழே சொல்லப்படும் முறையில் கரைந்து பரவாது. அதன் மேல் மென்பேஸ்டலும் சரியாகப் பிடிக்காது. பெட்டியின் மேல் உள்ள பெயரைப் படிக்காமல் வாங்கி வந்து, குச்சி கரையவில்லை என்று வருந்தியவர்கள் உண்டு.

இந்த மென்பேஸ்டலிலேயே கடினமான குச்சிகள் சில, மென்மையானவை சில என இரு வகையும் தேவை. அடிவண்ணத்திற்குக் கடினக் குச்சியே ஏற்றது, ஏனெனில் அது மெல்லிய படலம் விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், மூடியுள்ள இரு சிறு கண்ணாடிக் கிண்ணங்கள், காகிதத் துண்டு, மாஸ்கிங் டேப், வளையாத ஒரு பலகை ஆகியவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூரிகை மலிவானதாக இருக்கட்டும். உப்புத்தாளைப் போன்ற பரப்பு தூரிகை மயிரை விரைவில் தேய்த்துவிடும். நல்ல நீர்வண்ணத் தூரிகையை அதில் இழுப்பது அதைப் பலிகொடுப்பதற்குச் சமம். அரை அங்குலம் முதல் ஓர் அங்குலம் வரை அகலமுள்ள, சற்று விறைப்பான தட்டைத் தூரிகை போதும்.

நைட்ரைல் கையுறையும், நுண்தூளைத் தடுக்கும் என்-95 முகக்கவசமும் பட்டியலின் கடைசியில் வருவதால் விட்டுவிடத்தக்கவை என்று எண்ணிவிடாதீர்கள். சில நிறமிகளில் காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் உள்ளன. உதிர்ந்த தூளை வாயால் ஊதுவது பலருக்குக் கைவந்த பழக்கம். அதை முதல் நாளே விட்டுவிட வேண்டும். ஊதிய தூள் அறையின் காற்றில் மிதந்து, ஊதியவரின் மூச்சிலேயே திரும்ப வந்து சேரும். பலகையைச் செங்குத்தாகவோ சற்று முன்னோக்கிச் சாய்த்தோ நிறுத்தி, அதன் கீழ் விளிம்பில் டேப்பை மடித்து ஒரு சிறு வாய்க்கால் போல ஒட்டினால், தூள் அதில் விழுந்து சேரும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம்.

3. தாள்: ஈரத்தைத் தாங்குமா என்பதே முதல் கேள்வி

எந்தத் தாள் அழகானது என்று தொடக்கக்காரர் கேட்கிறார். அவர் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தாள் நனைந்தாலும் பிழைக்கும் என்பதுதான். அடிவண்ணப் பரிசோதனையில் வீணாகும் விலையுயர்ந்த தாள்களில் பெரும்பகுதி இந்த ஒரு கேள்வியைத் தவறவிட்டதால் வீணாகிறது.

யூஆர்ட் போன்ற, உப்புத்தாள் வகையைச் சேர்ந்த ஓவியத் தாள்கள் நீர், ஆல்கஹால், மெல்லிய எண்ணெய்வண்ணம் மூன்றையும் தாங்கும். இவற்றின் எண் சிறியதானால் சொரசொரப்பு அதிகம், எண் பெரியதானால் வழவழப்பு அதிகம். 240 தூளை நிறையத் தாங்கும், ஆனால் குச்சியை வேகமாகத் தின்னும். 800 நுண்ணிய வேலைக்கு உகந்தது, ஆனால் அடுக்குகள் விரைவில் நிறைந்துவிடும். தொடங்குபவருக்கு 400 என்பதே என் பரிந்துரை. ஈரம் பட்டபின் சொரசொரப்பு சிறிது குறைந்தாலும் அதில் மேல்வேலைக்குப் போதிய இடம் மீதமிருக்கும்.

அக்ரிலிக் பூச்சுடைய ஆர்ட் ஸ்பெக்ட்ரம் கலர்ஃபிக்ஸும் ஈரத்தைத் தாங்கக்கூடியது. பேஸ்டல்மேட் தாளின் மேற்பரப்பு தாவர இழைப் பூச்சால் ஆனது. அது தொடுவதற்கு வழவழப்பாகத் தோன்றினாலும் தூளை நன்கு பிடிக்கும், அளவான ஈரத்தையும் பொறுக்கும். அதன் மேல் தூரிகையை அழுத்தித் தேய்ப்பதைத் தவிர்க்க வேண்டும்.

நனைக்கக் கூடாத தாள்களும் உண்டு. செனெலியே லா கார்ட் அட்டையின் சொரசொரப்பான பூச்சு நீர் பட்டால் கரைந்து உரிந்துவிடும். ஒரு துளி தெறித்தாலும் அந்த இடம் வெறுமையாகிவிடும். கேன்சன் மி-டான்ட் போன்ற 160 கிராம் வண்ணத்தாள் உரியாது, ஆனால் நனைந்தால் அலையலையாகச் சுருங்கி எழும். இவ்வகைத் தாள்களில் அடிவண்ணம் வேண்டுமானால் எட்டாம் பகுதியில் வரும் உலர்முறையைக் கையாளுங்கள்.

பெயர் தெரியாத தாள் கையில் இருந்தால் ஓர் ஓரத்துண்டை வெட்டி, பாதியில் நீரும் பாதியில் ஆல்கஹாலும் தடவி, உலர்ந்ததும் விரலால் வருடிப் பாருங்கள். நனைந்த பகுதியும் நனையாத பகுதியும் ஒரே போலச் சொரசொரத்தால் அத்தாள் தகுதி பெற்றது.

4. சோதனைப் பட்டை

ஓவியத்தைத் தொடும் முன், அதே தாளின் இரண்டு அங்குல அகலமான பட்டை ஒன்றை எடுத்து, பயன்படுத்த எண்ணியிருக்கும் ஒவ்வொரு குச்சியையும் ஒரு கட்டமாகத் தடவுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் கீழ்ப்பாதியை மட்டும் ஆல்கஹாலால் நனையுங்கள். முழுதும் உலரும் வரை காத்திருந்து, இரு பாதிகளின் குறுக்கே ஒரு வெளிர் மென்குச்சியை இழுங்கள்.

இதில் மூன்று செய்திகள் கிடைக்கும். நனைந்த நிறம் எவ்வளவு மாறுகிறது என்பது முதலாவது. ஈரமாக இருக்கும்போது தூளின் இடைவெளிகளைத் திரவம் நிரப்புவதால் ஒளி குறைவாகச் சிதறி நிறம் அடர்ந்து தோன்றும், உலர்ந்ததும் வெளிறும். ஈரத்தில் கண்ட அடர்த்தியை நம்பி முடிவெடுப்பவர், உலர்ந்தபின் அடர் பகுதிகள் போதவில்லை என்று கண்டு மீண்டும் நனைப்பார். அந்த இரண்டாம் நனைப்பில்தான் சொரசொரப்பு அடைபடுகிறது.

எந்தக் குச்சி தெளிவாகக் கரைகிறது, எது பால் கலந்ததுபோல் மங்குகிறது என்பது இரண்டாவது. வெள்ளை அதிகம் கலந்த வெளிர் குச்சிகள் சுண்ணத்தன்மை மிகுந்த மங்கிய கரைசலைத் தரும். அடர்ந்த, வெள்ளை குறைந்த குச்சிகளே கண்ணாடித் தாள் போன்ற தெளிந்த படலம் தரும். ஆகவே வெளிர் பகுதிகளுக்கு வெளிர் குச்சியைக் கரைப்பதைவிட, இடைநிலை நிறமொன்றை மிகச் சிறிதளவு தடவி நன்றாகப் பரப்புவது மேல். மூன்றாவது, மேலே இழுத்த குச்சி இரு பாதிகளிலும் சமமாகப் பிடிக்கிறதா என்பது. கீழ்ப்பாதியில் வழுக்கினால் நீங்கள் தடவிய தூளின் அளவு அதிகம்.

இப்பட்டைக்குச் செலவாகும் கால் மணி நேரத்தைச் சேமிக்க நினைப்பவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் முழுத்தாளையே சோதனைப் பட்டையாக்கி விடுகிறார்கள்.

5. பொருத்துதலும் கோட்டுருவமும்

தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் இடைவெளியின்றிப் பலகையில் ஒட்டுங்கள். இடைவெளி வழியாகத் திரவம் தாளின் அடியில் புகுந்தால் பின்பக்கம் நனைந்து தாள் புடைக்கும்.

கோட்டுருவத்தைப் பென்சிலால் வரைய வேண்டாம். கிராஃபைட் வழவழப்பானது, அதன் மேல் பேஸ்டல் வழுக்கிச் செல்வதோடு, பளபளக்கும் கோடாக இறுதிவரை தெரியும். கரித்துண்டால் வரைந்தால், உருவம் சரியானதும் மென்மையான தூரிகையால் தட்டிக் கரியின் நிழல் மட்டும் மிஞ்சும்படி செய்யுங்கள். தட்டாமல் விட்ட கரி, திரவம் பட்டதும் கரைந்து எல்லா நிறத்தையும் அழுக்காக்கும். அடுத்து வரவிருக்கும் அடிவண்ணத்தோடு ஒத்த நிறமுள்ள பேஸ்டல் பென்சிலால் வரைவது இன்னும் பாதுகாப்பானது, ஏனெனில் அது கரைந்தாலும் தீங்கில்லை.

6. வெளிர், இடைநிலை, அடர்: மூன்றே நிலைகள்

உள்ளங்கை அளவு காகிதத்தில், காட்சியை மூன்று நிலைகளாக மட்டும் பிரித்துச் சிறு வரைவு ஒன்று செய்யுங்கள். நுணுக்கம் வேண்டாம். பெரிய வடிவங்கள் ஐந்து முதல் ஏழு வரை இருந்தால் போதும்.

அடிவண்ணத்தில் நிறம் தவறினால் மேலே வரும் குச்சியால் திருத்தலாம். வெளிர்–அடர் நிலை தவறினால் திருத்துவது கடினம். அடர்ந்திருக்க வேண்டிய இடம் வெளிறிப் போனால், அதை மூட நிறையத் தூளை அழுத்த வேண்டியிருக்கும். சொரசொரப்புச் சேமிப்பு அங்கேயே கரைந்துவிடும்.

ஐயம் எழும் இடங்களில் ஒரு படி அடர்வாகவே இடுங்கள். அடர்ந்த அடியின் மேல் வெளிர் குச்சி ஒளிர்ந்து நிற்கும். வெளிர் அடியின் மேல் அடர் குச்சியை இட்டால் வெள்ளைப் பொட்டுகள் எட்டிப் பார்க்கும். வானம், நீரில் விழும் ஒளி போன்ற மிக வெளிர்ந்த பகுதிகள் மட்டும் இதற்கு விலக்கு. அங்கே அடி அடர்ந்துவிட்டால் மேலே எவ்வளவு வெளிர் நிறம் போட்டாலும் சோர்ந்தே தோன்றும்.

7. அடிவண்ணத்திற்கு எந்த நிறம்

பச்சை மரங்களின் அடியில் செம்மஞ்சளும் நீலவானத்தின் அடியில் இளஞ்சிவப்பும் இடுவது பரவலான வழக்கம். எதிர் நிறம் அடியில் சிறிது தெரியும்போது மேல்நிறம் உயிர்பெறுகிறது. குறிப்பாகப் பச்சை, தனியே நின்றால் ஒரே சீராகத் தட்டையாகிவிடும் நிறம் ஆதலால் அதற்குச் செந்நிற அடி மிகவும் உதவும்.

ஆனால் இவ்வழக்கத்தைக் கேட்டறிந்தவர்கள் அதோடு சேர்ந்த நிபந்தனையைக் கேட்பதில்லை. அடியில் இடும் நிறம் எதிர் நிறமாக இருக்கலாம். அதன் வெளிர்–அடர் நிலை மட்டும் மேல்நிறத்தின் நிலையை ஒத்திருக்க வேண்டும். அடர்ந்த மரத்தொகுதியின் அடியில் பளிச்சென்ற ஆரஞ்சு இட்டால், இலைகளின் இடைவெளி எங்கும் தீப்பொறி பறப்பதுபோல் தோன்றும். அதே இடத்தில் கரும்பழுப்புச் சிவப்பு இட்டால் பச்சை ஆழம் பெறும். கண்களைப் பாதி மூடிப் பார்க்கும்போது அடிநிறமும் மேல்நிறமும் ஒன்றோடொன்று கலந்து மறைந்தால் நிலை ஒத்திருக்கிறது என்று கொள்ளலாம்.

முதல் தாளில் சிவப்பு, ஆரஞ்சு போன்ற ஒரே வெப்ப நிறத்தின் மூன்று அடர்வுகளை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டாம் தாளில், பொருளின் சொந்த நிறத்தையே சற்று அடர்த்தியாக அடியில் இட்டுப் பாருங்கள். மூன்றாவதில் எதிர் நிறத்தை முயலலாம். ஒரே காட்சியை இம்மூன்று வகையிலும் அஞ்சலட்டை அளவில் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கிடைக்கும் அறிவை எந்த விளக்கமும் தர இயலாது.

8. படலத்தை இடுதல்

அ. ஆல்கஹால் முறை

தொடங்குபவருக்கு இதையே முதலில் சொல்கிறேன். ஆல்கஹால் நீரைவிட விரைவாக ஆவியாவதால் தாள் குறைவாகச் சுருங்கும், காத்திருப்பும் குறையும். 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் மீதி நீராக இருப்பதால் அது சற்று மெதுவாக உலர்ந்து, விளிம்புகளைக் கலக்க நேரம் கொடுக்கும். 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டதில் இழுத்த கோடு இழுத்தபடியே உலர்ந்துவிடும்.

கடினக் குச்சியைப் படுக்க வைத்து, மிக இலேசாக, தாளின் நிறம் இடையில் தெரியும்படி தடவுங்கள். தாள் முழுதும் மூடும்வரை தடவுவதே மிகப் பொதுவான பிழை. அவ்வளவு தூளும் நனைந்தால் சேறாகி, உலர்ந்ததும் மண்சுவர் போல் இறுகி, சொரசொரப்பின் குழிகளை அடைத்துவிடும்.

தூரிகையை ஆல்கஹாலில் நனைத்து, கிண்ணத்தின் விளிம்பில் ஒற்றியெடுத்து, வெளிர்ந்த வடிவத்திலிருந்து தொடங்குங்கள். வெளிர், பிறகு இடைநிலை, இறுதியில் அடர் என்ற வரிசை முக்கியம்: அடர் நிறத்தைத் தொட்ட தூரிகை வெளிர் பகுதிக்குத் திரும்பினால் அங்கே கறை படியும். ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது முதல் கிண்ணத்தில் கழுவி, காகிதத் துண்டில் துடைத்து, இரண்டாம் கிண்ணத்தில் நனைத்துக்கொள்ளுங்கள். இரு கிண்ணங்கள் வேண்டும் என்றது இதற்காகவே.

தூரிகை வீச்சு பொருளின் போக்கைப் பின்பற்றட்டும்: நிற்கும் மரத்திற்கு மேலிருந்து கீழ், படுத்த நீருக்குக் குறுக்கே. ஒரே இடத்தில் மூன்று வீச்சுக்கு மேல் செல்ல வேண்டாம். பலகை செங்குத்தாக இருந்தால் சில துளிகள் வழியும்; எல்லாவற்றையும் துடைத்துவிடாதீர்கள். புல்வெளியிலோ நிழலிலோ வழிந்த துளிகள் கையால் வரைய முடியாத விளிம்புகளைத் தரும். இந்த எதிர்பாராமைக்காகத்தான் நாம் திரவத்தை நாடுகிறோம்.

ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். சன்னலைத் திறந்து வையுங்கள்; விளக்கு, அடுப்பு, ஹேர் டிரையர் எதுவும் அருகில் வேண்டாம். உலர்த்துவதற்குக் காற்றோட்டமே போதும்.

ஆ. நீரும் நீர்வண்ணமும்

நீர்வண்ணத்தால் அடி போட்டால் தூள் எதுவும் செலவாகாது; படலம் மிக மெல்லியது, சொரசொரப்பு ஏறத்தாழ முழுமையாக மிஞ்சும். உப்புத்தாள் வகைத் தாள் நீரை உறிஞ்சுவதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். நீர்வண்ணத்தாளில் பழகியவர்களுக்கு இங்கே வண்ணம் தேங்கி நிற்பது விசித்திரமாகத் தோன்றும். தூரிகையில் நீரைக் குறைத்து, பலகையைப் படுக்க வைத்தால் கட்டுக்குள் வரும்.

300 கிராம் நீர்வண்ணத்தாளிலேயே வேலை செய்ய விரும்பினால், அதன் மேல் தெளிந்த ஜெஸ்ஸோ (சொரசொரப்புத் தரும் நிறமற்ற அக்ரிலிக் அடிப்பூச்சு) ஒரு படலம் தேவை. வண்ணம் இட்டபின் ஜெஸ்ஸோ பூசினால், தூரிகை அதே இடத்தில் இருமுறை சென்றதும் அடியில் உள்ள நீர்வண்ணம் மீண்டும் கரைந்து இழுபடும். ஜெஸ்ஸோவை முதலில் பூசி உலரவிட்டு, அதன் மேல் நீர்வண்ணம் இடுவதே பாதுகாப்பான வரிசை.

இ. குவாஷ், அக்ரிலிக், மை

ஒளி ஊடுருவாத நீர்வண்ணமான குவாஷ் பளபளப்பின்றி உலர்வதால் பேஸ்டலோடு இசைந்து போகும், ஆனால் தடித்தால் குழிகளை நிரப்பும். அக்ரிலிக்கை நீர்வண்ணம் போல் நிறைய நீர் சேர்த்து மெலிந்த கறையாக மட்டும் இடுங்கள். தடித்த அக்ரிலிக் பிளாஸ்டிக் தோலாக மாறும், அதை எடுக்கவும் முடியாது. உலர்ந்தபின் கரையாது என்பதே அதன் சிறப்பு: மேலே மறுபடி நனைத்தாலும் அடி அசையாது. மை வாங்கும்போது நிறமி மையா சாய மையா என்று பாருங்கள். சாய மைகள் பலவும் ஒளியில் வெளிறுபவை.

ஈ. எண்ணெய்வண்ணக் கறை

எண்ணெய்வண்ணத்தை மணமற்ற மினரல் ஸ்பிரிட் என்னும் கரைப்பானில் தேநீர் போல் ஓடும் அளவுக்கு மெலிதாக்கி இடுவது, நான் அறிந்த அடிவண்ணங்களில் மிக அழகியது. தாள் துளியும் சுருங்காது, துளிகள் பட்டுப்போல வழியும். ஆனால் பூச்சுள்ள தாளில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் வெறும் காகிதத்தில் ஊறும் எண்ணெய் நாளடைவில் இழைகளைச் சிதைக்கும். அம்பர் போன்ற மண்நிறங்கள் விரைவில் உலர்பவை, அவற்றிலிருந்து தொடங்குங்கள். தொட்டால் கையில் ஒட்டாத நிலை வரும்வரை பேஸ்டலைத் தொடாதீர்கள்.

ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணிகளைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அவை உலரும்போது வெப்பம் திரண்டு தாமாகவே தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து, மூடியுள்ள உலோகக் கலத்தில் வையுங்கள்.

உ. உலர்முறை

நனைக்கக் கூடாத தாளுக்கு, குச்சியை இலேசாகத் தடவி, குழாய்களுக்குச் சுற்றும் நுரைப்பஞ்சின் துண்டால் தேய்த்துப் பரப்புங்கள். விரலைவிடப் பஞ்சு மேல்: விரலின் எண்ணெய்ப்பசை தாளில் படிவதில்லை, சொரசொரப்பான தாளில் தோல் தேய்ந்து புண்ணாவதும் இல்லை. கிண்ணத்தில் கட்டியாக வரும் பான்பேஸ்டலையும் பஞ்சால் இதே போல இடலாம். அது மிக மெல்லியதாகப் படிவதால் சேமிப்பு குறைவதில்லை.

9. சொந்தமாகச் சொரசொரப்புப் பரப்பு செய்தல்

தாள் தீர்ந்தாலோ, தூரிகைத் தடங்கள் தெரியும் பரப்பு வேண்டுமென்றாலோ இதைச் செய்யலாம். நான் தொடங்கிய அளவு: 4 கரண்டி அக்ரிலிக் ஜெஸ்ஸோ, 1 கரண்டி நுண்ணிய நுரைக்கல் தூள், 1 கரண்டி நீர், இடைநிலை நிறம் வரும் அளவுக்குச் சிறிது அக்ரிலிக் வண்ணம். கலக்கும்போது முகக்கவசம் கட்டாயம்.

தடித்த அட்டையிலோ நீர்வண்ணத்தாளிலோ ஒரு படலம் நெடுக்கிலும், அது உலர்ந்தபின் அடுத்தது குறுக்கிலும் பூசுங்கள். ஒரே திசையில் பூசினால் தூள் கோடு கோடாகவே பிடிக்கும். அட்டை வில்லாக வளைவதைத் தடுக்கப் பின்பக்கமும் ஒரு படலம் வேண்டும். நுரைக்கல் தூள் அடியில் படியும் தன்மையுடையது. தூரிகையை நனைக்கும் ஒவ்வொரு முறையும் கலக்கிவிடாதவர்களுக்குத் தாளின் ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் மணல் போலவும் அமையும். ஒரு நாள் முழுதும் உலரவிட்ட பிறகே அடிவண்ணத்துக்குச் செல்லுங்கள்.

10. மேலே பேஸ்டலைத் தொடங்குதல்

கையின் பின்புறத்தைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் உள்ளது. ஈரத்தாளில் இழுத்த குச்சி பசைபோல் அப்பிக்கொள்ளும், அந்த இடத்தைப் பிறகு மீட்பது கடினம்.

கடினக் குச்சியிலிருந்து மென்குச்சிக்குச் செல்வதே வரிசை. மென்குச்சி ஒரே வீச்சில் குழிகளை நிரப்பிவிடும். அதன் மேல் கடினக் குச்சி ஏறாது, இருப்பதைச் சுரண்டத்தான் செய்யும். முதல் படலத்தில் குச்சியின் பக்கவாட்டைப் பயன்படுத்தி, குச்சியின் எடை மட்டும் தாளில் இருக்கும்படி இழுங்கள். அடர் பகுதிகளை முதலில் உறுதிசெய்து, மிக வெளிர்ந்த தொடுகைகளைக் கடைசிக்கு வையுங்கள்.

இந்த இடத்தில் புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. அவ்வளவு கவனமாக அடிவண்ணம் இட்டபின், அதன் ஒவ்வோர் அங்குலத்தையும் மூடிவிடுகிறார்கள், பிறகு விரலால் தேய்த்தும் விடுகிறார்கள். மூடப்போவதாக இருந்தால் அதை இட்டிருக்க வேண்டியதே இல்லை. வேலையைத் தொடங்கும்போதே, அடி தெரியும்படி விடவேண்டிய இரண்டு மூன்று இடங்களைச் சிறு வரைவில் குறித்து வையுங்கள். நிழல்களும் விளிம்பை ஒட்டிய பகுதிகளும் அதற்கு ஏற்றவை.

11. அடைபட்ட பரப்பை மீட்டல்

குச்சி வழுக்கத் தொடங்கினால் மேலும் அழுத்தாதீர்கள். பலகையை நிமிர்த்தி, விறைப்பான உலர்ந்த தூரிகையால் அந்தப் பகுதியின் தூளைக் கீழ்நோக்கித் தட்டி எடுங்கள். அடிவண்ணம் தாளோடு ஒன்றியிருப்பதால் மேல்தூள் மட்டும் உதிரும்; பெரும்பாலும் இதுவே போதும்.

தூளை நிலைநிறுத்தத் தெளிக்கும் திரவமான ஃபிக்சேட்டிவைத் தெளித்தால் சிறிது சொரசொரப்பு திரும்பும், ஆனால் வெளிர் நிறங்கள் மங்கும்: அதிலுள்ள பிசின் சுண்ணத்தூளை ஓரளவு ஒளி ஊடுருவுவதாக மாற்றிவிடுகிறது. எனவே அதை இடைக்கட்டத்தில், அடர் பகுதிகளுக்கு மட்டும், தொலைவில் இருந்து பனிபோல் தெளியுங்கள். அடிவண்ணமே அடைத்துக்கொண்டிருந்தால், ஈரம் தாங்கும் தாளை அகலத் தூரிகையாலும் ஆல்கஹாலாலும் கழுவித் துடைத்துவிடலாம். மிஞ்சும் கறையின் மேல் மறுபடி தொடங்குவது தோல்வியன்று. சில நல்ல அடிவண்ணங்கள் அவ்வாறு கழுவியதில்தான் கிடைத்தன.

12. குறிப்பும் ஒளிச்சோதனையும்

ஒவ்வொரு சோதனைப் பட்டையின் பின்னாலும் தாளின் பெயர், எண், திரவம், அதன் விழுக்காடு, குச்சிகளின் நிற எண்கள், தேதி ஆகியவற்றை உடனே எழுதுங்கள். ஒரு வாரம் கழிந்தால் இரண்டு ஆரஞ்சுகளுள் எது எது என்று எவராலும் சொல்ல இயலாது.

புதிய மை, புதிய குச்சி எதையும் ஓவியத்தில் நம்பும் முன் ஒளியில் சோதியுங்கள். பட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, ஒன்றை வெயில் விழும் சன்னலில் ஒட்டுங்கள். மற்றொன்றை வழவழப்பான, தூள் ஒட்டாத கிளாசின் தாளில் சுற்றி இருட்டான இழுப்பறையில் வையுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஊதாவும் இளஞ்சிவப்பும் முதலில் வெளிறக்கூடியவை என்பதால் அவற்றைப் பட்டையில் தவறாமல் சேருங்கள். வெளிறிய குச்சியைப் பெட்டியில் இருந்து எடுத்துத் தனியே வைத்து, பயிற்சித் தாள்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.